எண்ணெய் பட்ட மண்ணில் தண்ணீர் எங்கே போகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எண்ணெய் சிந்தி ஆறு மாதமோ ஆறு வருடமோ ஆன நிலத்தைப் பற்றி என்னிடம் வருகிற புகார்கள் பலவற்றில் எண்ணெய் என்ற சொல்லே இருப்பதில்லை. தண்ணீர் இறங்கவில்லை, நட்டது பிடிக்கவில்லை, கிணற்றில் வாடை அடிக்கிறது, ஆய்வக அறிக்கை நன்றாக இருந்தும் நிலம் செத்துக் கிடக்கிறது என்றுதான் பேச்சு தொடங்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: மண்ணில் தண்ணீர் நடமாடும் வழியில் எண்ணெய் எங்கே உட்கார்ந்திருக்கிறது? துகளின் மேல் பூச்சாகவா, துளைக்குள் அடைப்பாகவா, நிலத்தடி நீரின் மேல் மிதப்பாகவா? மூன்றுக்கும் மருந்து வேறு. இடம் தெரியாமல் மருந்து போட்டால் விழலுக்கு இறைத்த நீர்தான்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வாடை வரும் குழிக்குள் இறங்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தேங்கி நிற்கும். தீப்பொறிக்கும் அங்கே இடமில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் கருவிகள் எளியவை: மண்வெட்டி, சொட்டுக்குழல், கடிகாரம், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எரிசாராயம், இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பா. கூடவே, எண்ணெய் படாத பக்கத்து மண்ணில் ஒரு இடம். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பிட நல்ல மண் இல்லாமல் எடுத்த எந்த அளவும் எனக்குப் பாதிக் கதைதான்.

அறிகுறி: தண்ணீர் முத்து முத்தாக மேலே நிற்கிறது

கச்சா எண்ணெய்க் குழாயின் மூட்டு ஒன்று பல வருடங்களுக்கு முன் கசிந்த இடம் அது. கறை இல்லை, வாடையும் இல்லை. பார்த்தால் வெறும் புழுதி. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். மண்ணைப் போர்த்திக்கொண்ட உருண்டைகளாகி, பள்ளம் பார்த்து உருண்டு ஓடியது. ஓர் உருண்டையைக் குச்சியால் குத்தினேன். உடைந்து, உள்ளிருந்த நீர் மறுபடி இரண்டு சின்ன உருண்டைகளாகிப் புழுதியைப் போர்த்திக்கொண்டது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அதை மண்ணில் பார்க்க வேண்டும்.

இங்கே எண்ணெய் துளையை அடைக்கவில்லை. எடை போட்டால் மிகச் சொற்பமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு துகளின் மேலும் மெழுகுபோல ஒரு மெல்லிய பூச்சு விட்டுப் போயிருக்கிறது. தண்ணீருக்கும் துகளுக்கும் இருந்த ஒட்டுதல் போய்விட்டது. நல்ல மண்ணில் நுண்புழை ஈர்ப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும். இந்த மண்ணில் அதே விசை தண்ணீரை வெளியே தள்ளும்.

மணலில் இது சீக்கிரம் வரும். மணலின் மொத்தப் பரப்பு குறைவு என்பதால் கொஞ்சம் எண்ணெயே எல்லாத் துகளையும் பூசிவிடும். களிமண்ணுக்குப் பரப்பு அதிகம். அதே அளவு எண்ணெய் அங்கே போதாது. கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் கச்சா எண்ணெய் சிந்திய இடங்கள் சில, பல பத்தாண்டுகள் கழிந்தும் இப்படித் தண்ணீரை விலக்கிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எண்ணெய் பெரும்பாலும் போன பிறகும் பூச்சு நிற்கும்.

உறுதி செய்யும் முறை: மேல்மண்ணைக் காற்றில் உலர்த்திப் பரப்புங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது முழுதாக உள்ளே போகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 5 நொடிக்குள் போனால் மண்ணில் கோளாறு இல்லை. 5 முதல் 60 நொடி வரை என்றால் லேசான நீர்விலக்கம், 600 நொடி வரை கடுமை, 3,600 நொடி வரை மிகக் கடுமை. ஒரு மணி நேரத்துக்கு மேலும் சொட்டு அப்படியே இருந்தால் அது கடைசி வகை. அந்த நேரத்தில் சொட்டு ஆவியாகிவிடாமல் மூடிவைக்க வேண்டியிருக்கும். ஒரே சொட்டை நம்பாதீர்கள். பத்துச் சொட்டாவது விட்டு நடுவிலிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 2 சென்டிமீட்டர் மண்ணைச் சீவிவிட்டு அடுத்த அடுக்கிலும் இதையே செய்யுங்கள். பூச்சு எந்த ஆழம் வரை என்பது அரை நாளில் தெரிந்துவிடும்.

அடுத்து எரிசாராயம். சொட்டை உருண்டையாகப் பிடித்து வைக்கும் பரப்பு இழுவிசை தண்ணீருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன்/மீட்டர், எரிசாராயத்துக்கு 22தான். தண்ணீர்ச் சொட்டு நின்று, பக்கத்தில் விட்ட எரிசாராயச் சொட்டு சட்டென்று உள்ளே போனால் துளைகள் திறந்தே இருக்கின்றன, கோளாறு பூச்சில்தான். இரண்டுமே நின்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனை எனக்கு மிச்சப்படுத்திய வேலை கொஞ்சநஞ்சமல்ல.

ஈர மண்ணில் சோதித்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று போய்விடுவதும் நடக்கும். இந்தப் பூச்சு உலர்ந்த நிலையில்தான் பல்லைக் காட்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ஈர அளவு உண்டு. அதற்குக் கீழே உலர்ந்ததும் விலக்கம் திரும்பி வரும். மழைக்காலத்தில் பிழைத்த நிலம் கோடையில் மறுபடி சாகும் மர்மம் இதுதான்.

சரி செய்ய: களிமண் கலப்பதே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. எண்ணெய் சம்பந்தமே இல்லாமல் இயற்கையிலேயே தண்ணீரை விலக்கும் மணல் நிலங்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் உண்டு; அங்கே விவசாயிகள் களிமண்ணைக் கொட்டிக் கலந்துதான் பயிர் செய்கிறார்கள். எண்ணெய் மண்ணுக்கும் அதே தர்க்கம்: புதிய பரப்பு வருகிறது, தண்ணீர் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. கலந்த பிறகு ஒரேயடியாக வெள்ளம் பாய்ச்சாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நனைத்து, மறுபடி முழுதாக உலர விடாமல் மேலே மூடாக்கு போட்டு வையுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. முதலாவது, சோப்புத் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் உடனே இறங்கும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் இன்னும் எண்ணெய் மிச்சமிருந்தால் அதையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். மேலே இருந்த தொல்லையை நிலத்தடி நீரிடம் ஒப்படைத்ததாகிவிடும். இரண்டாவது, தீ வைப்பது. மேலே எரியும் சூட்டில் ஆவியாகும் பொருள் கீழே குளிர்ந்த அடுக்கில் போய்ப் படியும். காட்டுத் தீ பட்ட மண்ணில் பார்த்திருக்கிறார்கள்: சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு நீர்விலக்கத்தைக் கூட்டுகிறது, 300 டிகிரியை நெருங்கும்போதுதான் அழிக்கிறது. திறந்தவெளித் தீயில் மேல் அடுக்கு மட்டும் அந்தச் சூட்டை எட்டும். அதற்குக் கீழே உள்ளது எட்டாது. மேல்தோலைச் சுட்டு, இரண்டு விரற்கடை கீழே புதிய மெழுகுத்தாள் விரித்ததுதான் மிச்சம்.

அறிகுறி: தண்ணீர் பரவி நிற்கிறது, உருளவில்லை, இறங்கவும் இல்லை

இது அடைப்பு. கழிவு எண்ணெய், கனமான கச்சா எண்ணெய், தார் கலந்தது போன்றவை இப்படிச் செய்யும். பெட்ரோலின் பாகுத்தன்மை தண்ணீரைவிடக் குறைவு; சிந்திய கையோடு கீழே ஓடிவிடும். கனமான எண்ணெய்க்கு அது நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. மேல்மண்ணிலேயே தங்கி, இலகுவான பகுதி ஆவியான பிறகு இறுகிவிடுகிறது. 1991-இல் குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது புகைக்கரியும் எண்ணெய்த் துளிகளும் மணலோடும் சரளையோடும் சேர்ந்து, தரைமேல் தார் போட்டதுபோல ஓர் ஓடாக இறுகின. அதன் சின்ன வடிவம்தான் பல பணிமனைகளின் பின்புறத்தில் கிடக்கிறது.

ஒரு துளையில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து இருந்தால் இரண்டுமே நன்றாக ஓட முடியாது. ஒன்றை ஒன்று மறிக்கும். பாதித் துளையில் எண்ணெய் இருந்தால் தண்ணீரின் வேகம் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் அதைவிட மிக அதிகமாகவே குறையும், ஏனென்றால் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும்.

தகர டப்பாவை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் செருகித் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மண்ணில் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இறங்கும். அடைப்புள்ள மண்ணில் தொடக்கம் முதலே மந்தம். பூச்சு உள்ள மண்ணில் கதை தலைகீழ்: முதலில் அசையாது, நேரம் ஆக ஆக வேகம் கூடும். குறித்ததைக் கோடாக வரைந்தால், அது போகும் திசையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

ஓடு மெல்லியதென்றால் வெட்டி அகற்றி, அதற்கென அனுமதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். இந்த ஓட்டை உழுது உள்ளே புதைப்பது பொதுவான தவறு. ஒரு அடுக்கு அடைப்பு பத்துக் கட்டி அடைப்பாகும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது.

அறிகுறி: மேலே நனைந்திருக்கிறது, ஒரு சாண் கீழே புழுதி, ஆனால் கிணற்றில் வாடை

முரண்பாடாகத் தோன்றும். ஒரு சாண் ஆழம்கூட இறங்காத தண்ணீர் கிணற்றுக்கு எப்படிப் போனது?

பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. தண்ணீர் மேலே தேங்கி, பூச்சு குறைந்த இடம், வேர்ப் பாதை, வெடிப்பு என்று எங்காவது ஒரு வாசல் கிடைத்ததும் அதன் வழியே விரல் விரலாக நேரே கீழே இறங்கிவிடும். விரல்களுக்கு நடுவில் உள்ள மண் உலர்ந்தே கிடக்கும். மண் முழுவதும் பரவி மெதுவாக வடியும்போது நடக்கும் சுத்திகரிப்பு இந்த விரல் பாதையில் நடப்பதில்லை.

பார்ப்பது சுலபம். உணவுச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு சதுர மீட்டரில் மெதுவாகத் தெளித்து, மறுநாள் பக்கவாட்டில் குழி வெட்டிச் செங்குத்தான சுவரைப் பாருங்கள். நல்ல மண்ணில் சாயம் திரைச்சீலைபோல இறங்கியிருக்கும். இதில் மரத்து வேர்போல நாலைந்து கோடுகள் மட்டும் தெரியும். கோடு தெரிந்துவிட்டால் பாசனத்தை அங்கே நிறுத்துங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றிக் “கழுவிவிடலாம்” என்ற யோசனைக்கு இங்கே இடமே இல்லை.

அறிகுறி: எண்ணெய்த் திட்டோடு வெண்படலம், மழை பெய்தால் சேறு, காய்ந்தால் ஓடு

குற்றவாளி எண்ணெயாக இல்லாமல் உப்பாக இருக்கலாம். எண்ணெய்க் கிணற்றிலிருந்து கச்சா எண்ணெயோடு உப்புநீரும் மேலே வருகிறது. சில இடங்களில் கடல்நீரைவிட உப்பு அதிகம். குழாய் உடைந்தால் இரண்டும் சேர்ந்தே சிந்தும். எண்ணெயை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்றுவிடும். உப்பைத் தின்ன ஆளில்லை. சோடியம் களித்துகள்களைப் பிரித்து மிதக்க விடுகிறது. அவை துளைகளில் போய் அடைக்கின்றன.

மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் உவர். களித்துகள்கள் பிடித்துவைத்திருப்பவற்றில் சோடியத்தின் பங்கு (மாற்றுச் சோடியம்) 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர். களருக்கு முதலில் ஜிப்சம், பிறகு வடிகால், அதன் பிறகுதான் நல்ல தண்ணீர். வரிசை மாறினால் மண் இன்னும் இறுகும். நல்ல தண்ணீர் பாய்ச்சும் முன், கரையக்கூடிய எண்ணெய் அங்கே மிச்சமில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஈரம் இருக்கிறது, செடி மஞ்சளாகி நிற்கிறது, மண் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது

தண்ணீர் இறங்கியாயிற்று, செடி ஏன் வாட வேண்டும்? காற்று இல்லை, தழைச்சத்தும் இல்லை. இரண்டையும் நுண்ணுயிர்கள் பிடுங்கிக்கொண்டன.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறத்தாழ 3.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்றிலிருந்து எடுத்தால் சுமார் 12 கன மீட்டர் காற்று போதும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பினால், லிட்டருக்கு 8, 9 மில்லிகிராம்தான் இருக்கும் என்பதால், ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். நீர் தேங்கிய எண்ணெய் மண் ஏன் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு நுண்ணுயிர்கள் இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்தத் தொடங்கும். மண் சாம்பல் நிறமாகும், கறுக்கும். அந்த முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு.

தழைச்சத்துக் கணக்கும் அப்படித்தான். எண்ணெயின் எடையில் சுமார் 85 சதவீதம் கரிமம். தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை. கரிமம், தழைச்சத்து, மணிச்சத்துக்கு 100:10:1 என்று வழக்கமாகச் சொல்லும் விகிதத்தை வைத்தால், ஒரு கிலோ எண்ணெய்க்கு 85 கிராம் தழைச்சத்து வேண்டும். மண்ணில் அது இல்லாதபோது நுண்ணுயிர்கள் செடியின் பங்கையும் எடுத்துக்கொள்ளும். அதற்காக முழுவதையும் ஒரே நாளில் யூரியாவாகக் கொட்டினால் உப்பு ஏறி நுண்ணுயிர்களே முடங்கும். பல தவணைகளாகக் கொடுங்கள்.

முதலில் வடிகால் வெட்டி நீரை இறக்குங்கள். பிறகு கிளறிவிட்டு, மட்கிய தொழு உரம் சேர்த்து, மண் பொலபொலவென்று இருக்கும்படி, பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில் வைத்திருங்கள். பொதபொதவென்று ஆனால் மறுபடி காற்று போய்விடும். ஈர மண்ணில் டிராக்டரை ஏற்றிக் கிளறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சக்கரத்தின் அடியில் துளைகள் நசுங்கும் சத்தமே கேட்பதுபோல இருக்கும்.

அறிகுறி: அறிக்கை நன்றாக இருக்கிறது, மண் நன்றாக இல்லை

அறிக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாதாரண மண் சோதனைகள் எண்ணெய் இல்லாத மண்ணுக்காக வகுக்கப்பட்டவை.

எரித்து எடை பார்க்கும் முறையில் எண்ணெயும் சேர்ந்து எரியும். “கரிமச்சத்து உயர்வு” என்று வரும். அது மட்கல்ல, எண்ணெய். ஈரம் பார்க்க 105 டிகிரி அடுப்பில் வைத்தால் டீசலில் ஒரு பகுதியும் ஆவியாகிப் போகும். போன எடை எல்லாம் தண்ணீர் என்று கணக்கில் ஏறும். அதாவது வறண்ட மண்ணை ஈரமான மண் என்று அறிக்கை சொல்லும். களித்துகள்களை எண்ணெய் ஒட்டிக் கட்டியாக்கிவிடுவதால், நீரில் கலக்கி வண்டல் படியும் வேகம் பார்க்கும் சோதனையில் களி மணலைப்போலச் சீக்கிரம் அடியில் படிந்து, மண் வகையே மாறிவிடும். அந்த மண் வகையை நம்பிப் பாசன இடைவெளி போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதிரியை அனுப்பும்போதே உறையின் மேல் “எண்ணெய் கலந்தது” என்று எழுதுங்கள். மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவைத் தனியாகக் கேளுங்கள். ஈரத்தை வாலைவடிப்பு முறையில், அதாவது ஆவியைக் குளிரவைத்து நீரைத் தனியே பிரித்து அளக்கும் முறையில், பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: களிமண் தரையில் புதிதாக வெடிப்பு, அல்லது தரை குழைகிறது

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை ஒரு பொருள் எவ்வளவு தணிக்கும் என்பதைச் சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது சுமார் 80, எண்ணெய்க்கு 2 அளவில். களித்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் தடித்திருப்பது தண்ணீரால்தான். எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தால் படலம் ஒடுங்கி, களி சுருங்கி, வெடிப்பு விழும். தண்ணீர் புகாது என்று நம்பிப் போட்ட களிமண் தளம் எண்ணெய்க்கு வழிவிடுவது இதனால்தான். குழையும் தரைமேல் கட்டடம் எழுப்பும் எண்ணம் இருந்தால் மண்ணின் தாங்குதிறனை மறுபடி சோதிக்காமல் அடித்தளம் தோண்டாதீர்கள்.

அறிகுறி: கண்காணிப்புக் கிணற்றில் மிதக்கும் எண்ணெய் அடுக்கின் கனம் ஏறி இறங்குகிறது

கோடையில் கனம் கூடினால் புதிய கசிவு என்று பதறுவார்கள். மழையில் குறைந்தால் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். பல நேரம் இரண்டும் தவறு. டீசல் தண்ணீரைவிட இலேசானது. நீர்மட்டத்தோடு ஏறும், இறங்கும். நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயின் ஒரு பகுதி துளைகளில் தனித்தனித் துளிகளாகச் சிறைப்படும். கிணற்றில் கனம் குறையும். இறங்கும்போது விடுபட்டுக் கிணற்றுக்குள் வடியும். ஏறி இறங்கும் அந்த இடைவெளி முழுவதும் எண்ணெய் மெழுகியிருக்கும். ஆகவே கனத்தைத் தனியாகக் குறிக்காதீர்கள். அதே நாளின் நீர்மட்டத்தையும் பக்கத்தில் குறித்து இரண்டையும் ஒரே தாளில் கோடு போடுங்கள். ஒன்று ஏற ஒன்று இறங்கினால் பழைய எண்ணெய். இரண்டும் சேர்ந்து ஏறினால் குழாயைச் சோதியுங்கள்.

சிறைப்பட்டது எவ்வளவு காலம் நிற்கும்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்ட் 20 அன்று குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. அள்ளியது போக ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்தும் அது நீர்மட்டத்தின் மேல் கிடந்ததை அங்கே தொடர்ந்து அளந்துவருகிறார்கள்.

அறிகுறி: தாழ்வான ஓடையில் வானவில் படலம்

குச்சியால் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் சுழன்று, குச்சி போன தடத்தை மூடிக்கொண்டு மறுபடி ஒன்றுசேரும். இரும்பை உண்ணும் பாக்டீரியா விட்ட படலமோ கண்ணாடிச் சில்லுபோல மூலை மூலையாக உடைந்து, உடைந்தபடியே மிதக்கும். அடியில் துருநிறக் கொழகொழப்பும் இருக்கும்.

சில்லாக உடைந்தால் நிம்மதியாகப் போய்விடலாம் என்று பல கையேடுகள் சொல்லும். எண்ணெய் சிந்திய நிலத்துக்குக் கீழே இருக்கும் ஓடை என்றால் நான் போக மாட்டேன். ஆக்சிஜன் தீர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் இரும்பைப் பயன்படுத்தும் என்று பார்த்தோம். அப்போது இரும்பு கரைந்து நிலத்தடி நீரோடு நகரும். அது ஓடைக்கரையில் காற்றைப் பார்த்ததும் துருவாகப் படியும். அந்தச் சில்லுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய, மேட்டுப் பக்கமாக நடந்து, சாம்பல் நிற மண் தென்படும் வரை சில குழிகள் வெட்டிப் பாருங்கள்.